‘மீனவர்’ என்ற ஒற்றைப் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மக்களின் சமூக நிலை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. ஆயினும் பழவேற்காடு முதல் நீரோடி வரை வாழும் அனைவரையும் ‘மீனவச் சமுதாயம்’ என ஒன்றாக்கி, வலையைத் தவிர வேறெதையும் அறியாதவர்களாக அவர்களைக் காட்டியிருப்பதால் இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

சோழமண்டலக் கரையில் பட்டினவர், தூத்துக்குடியைச் சுற்றிய முத்துக்குளித்துறையில் பரதவர், குமரியின் மேலைக் கரையில் முக்குவர் என இவர்கள் வெவ்வேறு சாதியினர். ஊர்க்கட்டுப்பாடும் வழிபாடும் வேறு. செம்படவரோ ஏரியிலும் ஆற்றிலும் வலை வீசியவர்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பூசை உரிமை உடைய அவர்களுக்குக் கடலோடு என்ன உறவு? அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலோ பட்டினவரையும் செம்படவரையும் ‘மீனவர்’ என்ற ஒரே பதிவில் அடக்கிவிட்டு, பரவர் என்ற பெயரில் பரதவரையும், முக்குவரையும் தனித்தனியே குறிக்கிறது.

பரதவர் வரலாற்றைக் கட்டுரையாளர் 1542இல் கிறித்தவ மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் வந்த நாளிலிருந்து தொடங்குகிறார். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, முத்துச்சலாபத்தின், அதாவது முத்துக்குளிக்கும் தொழிலின், மீதான போட்டியில் போர்த்துக்கீசியரின் துணையை நாடிய 1530களிலேயே நடந்துவிட்டது. ஏற்கெனவே முழுக்குப் பெற்றிருந்தவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கத்தான் அவர் வந்தார். முக்குவரிடையே அவர் பெருந்திரளாகத் திருமுழுக்குக் கொடுத்தது 1544இல். இரண்டும் ஒரே நிகழ்வல்ல. மதம் மாறியதற்கு முன்பு இம்மக்களுக்கு வரலாறே இல்லை என்பதும் பிழை. பாண்டியன் நெடுஞ்செழியனைத் ‘தென்பரதவர் போரேறே’ என்று மதுரைக்காஞ்சி விளிக்கிறது. கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி ஆழத்தில் இறங்கி முத்தெடுத்தவர்களை வெறும் மீன்பிடிப்போர் என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? போர்த்துக்கீசியரும், 1658க்குப் பின் டச்சுக்காரரும், அவர்களை அடுத்து ஆங்கிலேயரும் சலாபத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தனர்; தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு அந்தத் தொழிலே நின்றுபோயிற்று.

பரதவரான என் பாட்டனார் தோணித் தண்டல், அதாவது பாய்த்தோணியின் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் பாய் விரித்துப் போய்வந்தவர். மீன்வலையைத் தொட்டதே இல்லை. பாய்க்கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையில் குறுக்கே ஓடியிருந்தது. என் தந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, தொழில் என்ற இடத்தில் எழுத்தர் கேட்காமலேயே ‘மீன்பிடி’ என்று எழுதிவிட்டாராம். “தோணிக்காரன்னு போடுங்கய்யா” என்று பாட்டனார் சொன்னதற்கு, “எல்லாம் ஒண்ணுதான்” என்று பதில் வந்திருக்கிறது. மீன்பிடிப்பதை இழிவாக எண்ணி இதைச் சொல்லவில்லை. அதைச் செய்த உறவினர் எங்கள் வீட்டிலும் உண்டு.

எங்களவர் மறைத்துப் பேசுவதையும் சொல்லிவிடுகிறேன். தோணியும் சலாபமும் தந்த செல்வம் எல்லாப் பரதவருக்கும் கிடைத்ததில்லை. தூத்துக்குடியில் மேசைக்காரர், கம்மாரக்காரர் என்ற பிரிவு இருந்தது. மேசைக்காரரிடம் சரக்கும் பணமும், மற்றவரிடம் உழைப்பும். சாதித் தலைவரின் பெருமையைப் பற்றி விழா மலர்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒரு வரியிலும் குறிப்பதில்லை. ‘மீனவர்’ என்ற பொதுப்பெயர் இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே மூடிவிடுகிறது என்பதால்தான் எனக்கு அதன்மேல் ஐயம்.

உரிமைக்காக ஒன்றுசேரும்போது அந்தப் பெயர் பயன்பட்டதை மறுக்கவில்லை. சங்கமாகத் திரளவும் நிவாரணம் கேட்கவும் அது வேண்டும். வரலாற்றுக் கட்டுரைக்கு மட்டும் அது போதாது. இனி எழுதும்போது எந்த ஊர், எந்தச் சாதி, என்ன தொழில் செய்தவர்கள் என்று கேட்டு எழுதும்படி தங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். தூத்துக்குடிக்கு வந்தால், பாய்த்தோணியில் போய்வந்த கதையைத் தகப்பன் வாயால் கேட்டு வளர்ந்த முதியவர்கள் சிலரிடம் நானே அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி.