மேனிஃபோல்டை மாற்றும் முன் பேக்கிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில், இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பை) மாற்றினால் காரின் பவர் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். கூடும்தான். ஆனால் எந்த வேகத்தில் கூடும், அதற்கு எதை இழக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். காரைக்குடியில் 28 வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். விட்டுப்போன அந்தப் பாதிதான் என் வாசலில் வண்டியாக வந்து நிற்கிறது.

போன மாதம் பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் 1.2 லிட்டர் பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். வெளியூரில் முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து, குட்டையான, அகலக் குழாய் வைத்த மேனிஃபோல்டு மாட்டியிருக்கிறார். வீட்டாரை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போனால் வண்டி இழுக்கவே இல்லை, வேகத்தடை தாண்டினால் செகண்ட் கியரில் எடுக்காமல் திணறுகிறது என்று வருத்தப்பட்டார்.

காரணம் குழாயின் நீளம். வால்வு மூடும்போது ஓடிவந்த காற்று முட்டித் திரும்பும். அந்த அலை மறுபடி வந்து சேரும் நேரம் வால்வு திறந்திருந்தால், கொஞ்சம் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றில்) இது ஒத்துவரும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது. நாயனம் மாதிரிதான்: நீளமான பாரிக்குத் தணிந்த சுருதி, குட்டையான திமிரிக்கு ஏறிய சுருதி. குட்டைக் குழாய் 5,000, 6,000 ஆர்பிஎம்மில்தான் வேலை செய்யும். கல்லுக்கட்டிக் கடைத்தெருவிலும் குன்றக்குடி ரோட்டிலும் நாம் ஓட்டுவது 1,500 முதல் 3,000 வரை. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், சைலன்சர், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ எல்லாம் பழையபடியே இருந்தால், மேல் ஆர்பிஎம்மில் கிடைப்பதும் சொற்பம்.

அதோடு விடவில்லை. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஸ்லோ ஸ்பீடு ஏறி ஏறி இறங்கியது. மேனிஃபோல்டு ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடியோடு) சேரும் இடத்தில் கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடித்துப் பார்த்தேன். (எஞ்சின் சூடேறும் முன்பே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடித்துவிடலாம்.) மூன்றாவது சிலிண்டர் பக்கம் போனதும் எஞ்சின் சத்தம் மாறியது; அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். கழற்றினால், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற பேக்கிங் ஓர் ஓரத்தில் நசுங்கவே இல்லை, பிரித்த புதுசு போல இருக்கிறது. போல்ட்டுகளை ஒரு பக்கத்திலிருந்தே இறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டியவை அவை. நல்லவேளை, பழைய மேனிஃபோல்டைத் தம்பி பரணில் போட்டு வைத்திருந்தார். புதுப் பேக்கிங் வைத்து அதையே மாட்டிக் கொடுத்தேன்.

பவர் கூட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் காற்றுப் போக ஹெட்டில் இரண்டே வழி. மேனிஃபோல்டு வாயும் ஹெட்டின் வாயும் சில வண்டிகளில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பேக்கிங்கை வைத்துக் கோடு கிழித்து, அந்தப் படியைத் தேய்த்துச் சமமாக்கினால் காற்று இடறாமல் போகும். கானாடுகாத்தான் வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்களை ஒரே நேராக வைத்திருக்கிறார்களே, அப்படி. கூலியைத் தவிர இதில் பெரிய செலவில்லை. டீசல் வண்டி என்றால், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வழியாக வந்து மேனிஃபோல்டில் அடைந்த கரியைச் சுரண்டி எடுத்தாலே போன பிக்கப் பாதி திரும்பிவிடும்.

அடுத்த முறை எழுதும்போது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பவரை அளக்கும் டைனோ மெஷினில் எடுத்த கணக்கைப் போடுங்கள். உச்ச பவரை மட்டும் போடாமல், 2,000 ஆர்பிஎம்மில் டார்க் (இழுவை) எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு கார் மெக்கானிக்,
காரைக்குடி