உன் சனிக்கிழமைக் கப்பல்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். முழுக்க நானே போனில் தட்டினேன். அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைத் திருத்தினாள், அவள் கண்ணில் தப்பிய பிழையெல்லாம் என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், சனிக்கிழமைதோறும் அருங்காட்சியகமாக நிற்கிற பழைய கப்பல் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, "ஊரான் கப்பலில் சம்பளம் இல்லாமல் துரு சுரண்டவா உன்னைப் படிக்க வைத்தேன்" என்று கேட்டேன் அல்லவா? போனை வைத்த பிறகு உன் அம்மா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி ஊற்றும்போது, "முப்பத்தாறு வருஷம் நீங்க மட்டும் என்ன செஞ்சீங்களாம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாம்பன் ரயில் பாலத்தில் துரு சுரண்டியதற்கு எனக்குச் சம்பளம் வந்தது, அது வேறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

அப்புறம் அக்கா மகளை உட்கார வைத்து உன் கப்பலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொன்னேன். யு.எஸ்.எஸ். ஸ்லேட்டர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கச் சண்டைக் கப்பல். 1944-ல் ஃபுளோரிடாவில் டாம்பா என்ற ஊரில் கட்டியது, 306 அடி நீளம், சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போய் நீர்மூழ்கியை விரட்டுவது அதன் வேலை. அந்த வகையில் மட்டும் 563 கப்பல் கட்டினார்களாம், மீன்பாடு நேரத்தில் ஐஸ் உடைக்கிற மாதிரி அத்தனை வேகம். சண்டை முடிந்து சில வருஷம் கழித்து 1951-ல் கிரேக்க நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே 'ஏட்டோஸ்', கழுகு என்று பேர் மாற்றி நாற்பது வருஷம் ஓட்டி 1991-ல் ஓரம் கட்டியிருக்கிறார்கள். அதோடு உடைக்கப் போயிருக்க வேண்டிய இரும்பு. அந்த வகைக் கப்பலில் வேலை பார்த்த வயசான ஆட்கள் பணம் திரட்டி 1993-ல் நியூயார்க்குக்கு இழுத்து வந்து, 1997-ல் ஆல்பனியில் உன் ஹட்சன் ஆற்றங்கரையில் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். காணாமல் போன சாமான்களை உடைக்கக் கிடந்த வேறு பழைய கப்பல்களில் தேடிக் கழற்றி வந்து மாட்டியதாக நீ சொன்னாய். இதைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. காசு கொடுத்துப் புதிதாகச் செய்வது ஒரு வேலை. எந்த நட்டு எந்தக் கப்பலில் இருக்கும் என்று தெரிந்து போய்க் கழற்றி வருகிறவன் வேறு ஆள், அவன்தான் வேலை தெரிந்தவன்.

சரி, இப்போது வேலையைப் பேசுவோம். நீ அனுப்பிய வீடியோவில் கையில் சுத்தியலை வைத்திருக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கட்டில் அடிக்கிறாய். சாயங்காலம் வலிக்கும், வலித்தால் மறுநாள் மேலோட்டமாக அடிப்பாய், அங்கேதான் துரு தப்பிக்கும். சுத்தியல் தானாக விழ வேண்டும், நீ தூக்கிவிட்டால் போதும். சத்தத்தைக் கேள். நல்ல இரும்பில் பட்டால் மணி மாதிரிக் கேட்கும், உள்ளே அரித்திருந்தால் ஓட்டுப் பானையைத் தட்டினது போல 'தொப்'பென்று இருக்கும். காற்றில் ஓடுகிற ஊசிக் கருவி ஒன்று உங்களிடம் இருக்கிறதே, அதை வைத்து அடித்தால் இந்தச் சத்தம் கேட்காது, அதனால் முதலில் கைச் சுத்தியலால் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அதை எடு.

1989-ல் நான் செய்த ஒரு தப்பை உனக்குச் சொன்னதில்லை. மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், பாலத்தில் இரண்டு கர்டரை, அந்தப் பெரிய இரும்பு உத்திரத்தை, முடித்துக் காட்ட வேண்டும், எனக்கோ அன்று காய்ச்சல். ஒரு மூலையில் கம்பி பிரஷைக்கூடச் சரியாகப் போடாமல் துரு மேலேயே ரெட் ஆக்சைடு அடிப்பூச்சை அடித்து, அதன்மேல் வெள்ளிப் பெயிண்டும் அடித்துவிட்டேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அடுத்த வாடைக் காற்றுக் காலத்துக்குள் அந்த இடம் தோசை மாதிரி உப்பியது. விரலை வைத்து அழுத்தினேன், தகடு தகடாக உதிர்ந்தது, நுனியில் ஒரு துண்டு காகிதம் போலத்தான் மிஞ்சியிருந்தது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும் தம்பி, இரண்டு தகட்டுக்கு நடுவில் புகுந்துவிட்டால் ரிவெட்டையே பிடுங்கிவிடும். அந்தத் துண்டை மாற்ற நாலு பேர் சாரத்தில் தொங்கி ஒரு வாரம் வேலை செய்தோம். காரணம் யார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

உங்கள் கப்பலில் ரிவெட் இல்லை, பெரும்பாலும் வெல்டிங் என்றாய். அப்படியானால் மூட்டைப் பார், வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் பிடிக்கும். நீர்மட்டக் கோட்டைப் பார், நனைந்து காய்ந்து நனைந்து காய்கிற இடம்தான் முதலில் சாகும், எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற இரும்பு அதைவிடத் தாக்குப் பிடிக்கும். 2014-ல் கப்பலை இழுத்துப் போய்த் தண்ணீர் இல்லாத துறையில் ஏற்றி அடிப்பாகத்தைச் செப்பனிட்டார்கள் என்று படித்தோம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்பாகம் பிழைத்துக் கிடந்தது எப்படி என்று எனக்கு ஆச்சரியம். அப்புறம்தான் தெரிந்தது, ஆல்பனியில் ஹட்சன் ஆறு நல்ல தண்ணீராம். கடல் ஏறி இறங்குவது அவ்வளவு தூரத்துக்கும் வருமாம், நாலைந்து அடி மட்டம் மாறுமாம், ஆனால் உப்பு மட்டும் பாதி வழியில் நின்றுவிடுமாம். நம் வடகடலில் ஏற்றம் இறக்கம் ஒரு மீட்டர்கூடத் தேறாது, உப்புக்குக் குறைவே இல்லை. உன் கப்பலுக்கு அதிர்ஷ்டம். பாம்பன் பாலம் படுகிற பாட்டை நினைத்துப் பார், இந்தப் பக்கம் வடக்கே அமைதியான பெண்கடல், அந்தப் பக்கம் தெற்கே அலையடிக்கிற ஆண்கடல், கச்சான் காற்று அடித்தால் தெற்கு உப்பு, வாடை அடித்தால் வடக்கு உப்பு, பாலத்துக்கு ஓய்வே கிடையாது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலைக்கூட நிறுத்திவைத்தார்கள், உப்பை யார் நிறுத்துவது?

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா சொல்வதை அப்படியே கேள். முகமூடி போடாமல் சுரண்டாதே. அந்தக் காலத்துச் சிவப்பு பிரைமரில் ஈயம் இருக்கும், சண்டைக் காலத்துக் கப்பலில் குழாயைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நாங்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சுரண்டினோம், அதன் பலனை ராத்திரியில் உன் அம்மாதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதே. கப்பலின் பழைய அடுப்படியிலேயே யாரோ சமைத்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று ஆசையாகச் சொன்னாய், அதனால் சொல்கிறேன்.

பீரங்கிகளைப் பற்றி நீ நிறையச் சொன்னாய். ஒரே நேரத்தில் 24 குண்டை முன்னால் தூக்கிப் போடுகிற கருவி, நீர்மூழ்கியில் பட்டால்தான் வெடிக்கும், படாவிட்டால் சும்மா மூழ்கிவிடும், அதற்கு முள்ளம்பன்றி என்று பேர். கெட்டிக்கார வேலைதான். ஆனால் எனக்குப் பீரங்கி ஆசை கிடையாது தம்பி. நம் ஊரில் 'நேவி' என்ற சொல் காதில் விழுந்தால், ஆள் கடலுக்குப் போயிருக்கிற வீட்டுப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு வந்து நிற்பார்கள். அது உனக்கும் தெரியும். அதனால் சண்டைக் கப்பலை அழகு பார்க்க என்னால் முடியாது.

விசாகப்பட்டினத்துக்குக் கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? கடற்கரையில் மணல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், குர்சுரா நீர்மூழ்கி. 2002-ல் திறந்த அருங்காட்சியகம், நாம் போனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. நீ ஓட்டை வழியாக நுழைகிறேன் என்று நெற்றியில் இடித்துக்கொண்டு வெளியே வரும்வரை அழுதாய். அன்றைக்கு நீர்மூழ்கியில் இடித்தவன் இன்றைக்கு நீர்மூழ்கியை விரட்டுகிற கப்பலில் போய்ச் சேர்ந்திருக்கிறாய், பழி வாங்குகிறாய் போல.

நாம் எதையும் காப்பாற்றுவதில்லை என்று நீ சொன்னாய், அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. குர்சுரா இருக்கிறதே என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் நினைவுக்கு வந்தது. 1971 சண்டையில் அதிலிருந்துதான் விமானம் கிளம்பிச் சிட்டகாங்கில் குண்டு போட்டது, ரேடியோவில் கேட்டிருக்கிறேன். மும்பையில் பத்து வருஷத்துக்கு மேல் அருங்காட்சியகமாக நின்றது. கடைசியில் பராமரிக்க முடியாது என்று 2014-ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரும்பைக் கொஞ்சம் உருக்கி பஜாஜில் பைக் செய்தார்கள், உன் சித்தப்பா ஒன்று வாங்கினார். டேங்கைத் தட்டிக் காட்டி "அண்ணே, இது விக்ராந்த்" என்பார். இப்போது அது வேலியோரம் சாய்ந்து நிற்கிறது, கோழி அடைகிறது. உப்புக் காற்று அதையும் விடவில்லை.

இங்கே பழைய பாலம் 2022 டிசம்பரிலிருந்து ரயிலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் திறந்தார்கள், நடுத்துண்டு அப்படியே நேராக மேலே 17 மீட்டர் ஏறுகிறது, மோட்டார்தான், கையால் சுற்ற ஆளே வேண்டாம். போய்ப் பார்த்தேன், நல்ல வேலை, குறை சொல்ல எதுவும் இல்லை. பழையதைக் கழற்றப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு, கப்பல் போக நடுவில் திறக்கிற தூக்குப் பாலத்தை மட்டுமாவது வைக்க வேண்டும் என்று இன்னொரு பேச்சு. 1914-லிருந்து நின்ற பாலம். 1964 புயலில் 126 கர்டர் கடலுக்குள் போயும் தூக்குப் பாலம் மட்டும் போகவில்லை. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் சார் 46 நாளில் மறுபடி ரயிலை ஓட்டினார், மூழ்கின கர்டர் எங்கே கிடக்கிறது என்று காட்டினவர்கள் நம் கடற்காரர்கள். எனக்கு அப்போது பதினொரு வயசு. உன் தாத்தா தோளில் உட்கார்ந்து முதல் வண்டி வருவதைப் பார்த்தேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், உனக்குச் சலித்திருக்கும். தூக்குப் பாலத்தை நாங்கள் கையால்தான் சுற்றித் திறந்தோம். அதற்கு ஷெர்சர் என்று பேர் வைத்திருக்கிறார்களே, அந்த ஷெர்சர் சிகாகோ பொறியாளராம், அக்கா மகள்தான் இதையும் படித்துச் சொன்னாள். ஆக நானும் முப்பத்தாறு வருஷம் அமெரிக்காக்காரன் வடிவமைத்த இரும்பைத்தான் சுரண்டியிருக்கிறேன். ஊரான் கப்பல் என்று உன்னைச் சொன்ன வாய் அடைத்துப்போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டது.

ஸ்லேட்டர் என்பது பெரிய தளபதி பேர் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அலபாமாவிலிருந்து போன சாதாரண மாலுமிப் பையன், ஃபிராங்க் ஸ்லேட்டர். 1942 நவம்பரில் பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுப் பக்கம், சான் பிரான்சிஸ்கோ என்ற கப்பல் மேல் எரிந்துகொண்டே ஒரு விமானம் வந்து விழுகிறது, அவன் துப்பாக்கியை விட்டு நகராமல் சுட்டுக்கொண்டே நின்று செத்துப்போயிருக்கிறான். பதினைந்து மாசம் கழித்து அவன் பேரில் இந்தக் கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது முன்னால் நின்று இறக்கி வைத்தது அவன் அம்மா. இதைப் படித்தபோது உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நம் கரையிலும் படகுக்குப் பிள்ளை பேர் வைக்கிறோம், திரும்பி வராத பிள்ளை பேரும் இரண்டு படகில் இருக்கிறது, எந்தப் படகு என்று உனக்கே தெரியும், அந்தப் பேருக்கு வருஷா வருஷம் முதலில் பெயிண்ட் அடிப்பது அந்த வீட்டு ஆட்கள்தான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே உன் அம்மா கேட்டாள், "கிரேக்கத்துக்காரங்க பேரை மாத்தினாங்களே, இப்ப அந்தப் பையன் பேரு திரும்ப எழுதியிருக்காங்களா?" எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப தம்பி போகட்டும்" என்றாள்.

அவ்வளவுதான். சனிக்கிழமை போ. குளிர் காலத்தில் கப்பலை எதிர்க்கரைக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள், அப்போதும் உள்ளே வேலை நடக்கும் என்றாயே, அப்போது இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும், வெறும் கையால் தொடாதே, உள் கையுறை ஒன்று, மேலே ஒன்று போடு. குளிரில் பெயிண்ட் காயாது, அதனால் யார் அவசரப்படுத்தினாலும் அப்போது வெளியே அடிக்காதே.

அடுத்த தடவை போட்டோ அனுப்பும்போது பீரங்கி பக்கத்தில் நின்று சிரிக்கிற போட்டோ வேண்டாம், அதை மாமனார் வீட்டுக்கு அனுப்பு. நீ சுரண்டுகிற இடத்தைக் கிட்டப் போய் எடுத்து அனுப்பு, சுரண்டுவதற்கு முன்னால் ஒன்று, சுரண்டிய பிறகு பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒன்று. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடு, நேராகப் பிடித்தால் குழி தெரியாது.

அம்மா உன்னைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள்.

அப்பா
பாம்பன்