மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இன்சூரன்ஸ் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் பெற்றோர்கள் கிளம்பும் சீசன் இது. விசா, டிக்கெட், பேரனுக்கு முறுக்கு, மருமகளுக்குப் பொடி வகைகள் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் திட்டம் போடுகிறோம். பயணக் காப்பீடு மட்டும் கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வருகிறது. அப்போது அவசரத்தில் யாரோ சொன்ன பாலிசியை எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறோம். இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் இதுவரை விரிவாக எதுவும் படித்த நினைவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்டாமல் போட்டால் நல்லது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வீட்டில் அவங்களுக்கு சுகரும் பிரஷரும். எங்கள் வயதில் இதெல்லாம் ஒரு அதிசயமே இல்லை, எங்கள் தெருவில் காலையில் மாத்திரை டப்பாவைத் திறக்காத வீடு எது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். மகள் டல்லாஸில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போவதற்காக இன்சூரன்ஸ் விசாரிக்கப் போய் நான் தெரிந்துகொண்டது இதுதான்: எங்களுக்கு எந்த நோய் வர வாய்ப்பு இருக்கிறதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பீடு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். பெட்டி தொலைந்தால் பணம், பாஸ்போர்ட் தொலைந்தால் பணம், விமானம் தாமதமானால் பணம். நெஞ்சு வலித்தால் மட்டும் ஆயிரம் நிபந்தனை.

"ஏற்கெனவே உள்ள நோய்", கம்பெனிக்காரர்கள் பாஷையில் பி.இ.டி. பாலிசி தொடங்கும் தேதிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு டாக்டர் கண்டுபிடித்த நோயோ, சிகிச்சை எடுத்த நோயோ எல்லாம் இதில் அடங்கும் என்று நம் நாட்டின் காப்பீட்டுத் துறைக் கண்காணிப்பு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் விதியே சொல்கிறது. தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறவர் எல்லாருமே இதில் வந்துவிடுவார்கள். நம் ஊர் கம்பெனிகளின் பயணப் பாலிசிகள் பலவற்றில் இதற்குக் கிடைப்பது "உயிருக்கு ஆபத்தான நிலை" என்ற ஒரே ஒரு விதிவிலக்குத்தான். அதாவது மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், ஆள் ஆபத்தைத் தாண்டும் வரை ஆகும் செலவைப் பார்த்துக்கொள்வார்கள், அதற்கும் ஒரு தனி உச்சவரம்பு இருக்கும். அதற்குப் பிறகு நடக்கும் சிகிச்சை உங்கள் பாடு.

அந்த உச்சவரம்பு என்ற சமாச்சாரத்தைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அட்டையில் பெரிய எழுத்தில் 1,00,000 டாலர் என்று போட்டிருக்கும். உள்ளே பக்கத்தைப் புரட்டினால், குறிப்பிட்ட வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐ.சி.யூ.வுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, டாக்டர் வந்து பார்த்தால் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெட்டி வைத்திருப்பார்கள். என் கைக்கு வந்த ஒரு பாலிசியில் அறுவை சிகிச்சைக்கு 10,000 டாலர்தான். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு என்று தெரியும். அப்புறம் அந்த ஒரு லட்சம் டாலர் யாருக்காக?

சரி, அமெரிக்கக் கம்பெனியிடமே எடுத்துவிடலாம் என்றால் அங்கே வேறு கதை. பார்வையாளர்களுக்கு அங்கே இரண்டு வகைப் பாலிசி விற்கிறார்கள். ஒன்று ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகை மட்டும் தருவது, பிரீமியம் மலிவாக இருக்கும், மீதி பில் நம் பிள்ளை தலையில் விழும். இன்னொன்று நாம் முதலில் கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை போக, பில்லின் பெரும்பகுதியை உச்சவரம்பு வரை ஏற்றுக்கொள்ளும் 'காம்ப்ரிஹென்சிவ்' வகை. இரண்டாவதுதான் உருப்படியானது. ஆனால் எங்கள் வயதுக்கு, ஆறு மாதத்துக்கு எனக்குச் சொன்ன விலை கிட்டத்தட்ட விமான டிக்கெட் அளவுக்கு இருந்தது. எண்பது வயதைத் தாண்டினாலோ காப்பீட்டுத் தொகையையே சுருக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த அமெரிக்கப் பாலிசிகளில் "அக்யூட் ஆன்செட்" என்று ஒரு வாசகம் வரும். பழைய நோய் திடீரென்று, முன்னறிகுறி எதுவும் இல்லாமல் தாக்கி, பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருந்தால் மட்டும் பணம் என்று அர்த்தம். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. நம் ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சு லேசாக அழுத்தும். "வாயுவாக இருக்கும்" என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறான், மருமகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், டாக்டரிடம் போனால் டாலர் டாலராகக் கரையும் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மூன்றாம் நாள் தாங்க முடியாமல் சொல்வார்கள். எமர்ஜென்சியில் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வியே "எப்போதிலிருந்து?" என்பதுதான். "ரெண்டு நாளா" என்று பதில் சொல்வோம், அது அப்படியே கம்ப்யூட்டரில் ஏறும். பிறகு அது திடீர்த் தாக்குதல் இல்லை என்று கம்பெனி சொல்வதற்கு அந்த ஒரு வரி போதும். செலவு வைக்கக் கூடாது என்று பொறுத்துக்கொண்டதே கடைசியில் மொத்தச் செலவையும் இழுத்து விட்டுவிடும். ஊருக்குக் கிளம்பும் பெரியவர்களிடம் பிள்ளைகள் இதை மட்டுமாவது தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

"அமெரிக்காவில் எமர்ஜென்சி என்றால் பார்த்தே ஆகணுமாமே" என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். உண்மைதான், 1986-ல் வந்த சட்டப்படி எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, நிலைமை கட்டுக்குள் வரும்வரை பார்த்தாக வேண்டும். இலவசமாகப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் வீட்டுக்கு வரும். மெடிக்கேர் என்ற அரசுக் காப்பீடும் நம்மைப் போல வந்து போகிறவர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கி அங்கேயே தங்கிவிட்ட பெற்றோர் கூட ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்த பிறகுதான், 65 வயதுக்கு மேல், பணம் கட்டி அதில் சேர முடியும்.

இப்போது விற்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பாலிசி போட வந்தவர் (எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமும் இல்லை இது) படிவத்தைத் தானே பூர்த்தி செய்துகொண்டே வந்தார். "ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?" என்ற கட்டத்துக்கு வந்ததும் என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று டிக் அடித்தார். "ஸ்டென்ட் இருக்கிறதே" என்றேன். "அதை எழுதினா பாலிசியே வராது சார், பிரீமியமும் ஏறும், அங்கே போய் யாரு சார் கேக்கப் போறா?" என்றார். கேட்பார்கள் சார். நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பது ஆஞ்சியோ எடுத்தால் தெரியாதா, இல்லை ஆஸ்பத்திரியில் நாமே சொல்ல மாட்டோமா? பெரிய தொகை என்றால் கம்பெனி நம் ஊர் டாக்டரிடம் இருக்கும் பழைய ரிக்கார்டு வரை கேட்டு வாங்கிப் பார்க்கும். மறைத்தது தெரிந்தால் அந்த நோய்க்கு மட்டும் என்றில்லை, மொத்த கிளெய்மையும் நிராகரிக்க வழி இருக்கிறது. கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுப்பாரா என்பது வேறு விஷயம். நான் அந்தப் படிவத்தை வாங்கி வேறு படிவம் கேட்டேன், அதோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

எனக்குக் கோபம் விலையைப் பற்றி மட்டும் இல்லை. எங்களுக்கு ரிஸ்க் அதிகம், பிரீமியம் கூடத்தான் செய்யும், அது புரியாத வயதா? சரியான கேள்விகளைக் கேட்டு, சரியான விலை போட்டு, அந்த நோய்க்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். கனடாவில் அது நடக்கிறது. அங்கே பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கான சூப்பர் விசா வேண்டுமென்றால் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு, ஒரு வருஷத்துக்குக் காப்பீடு கட்டாயம். கட்டாயம் என்று வந்ததும் சந்தை தானாக உருவாகிவிட்டது. நோய் கட்டுக்குள் இருக்கிறது, குறிப்பிட்ட மாதங்களாக மருந்தோ அளவோ மாறவில்லை என்று காட்டினால், கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அந்தப் பழைய நோயையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் கிடைக்கின்றன. (கனடா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கிளம்பும் முன் டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவை மாற்றினால் கூட 'கட்டுக்குள் இல்லை' என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. செக்கப்பைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல் முன்னாடியே முடித்துவிடுங்கள்.)

பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கேயும் புற்றுநோய், இதய நோய் வந்து போனவர்களைக் காப்பீட்டுக் கம்பெனிகள் கைகழுவிக்கொண்டுதான் இருந்தன. 2021 ஏப்ரலிலிருந்து அங்குள்ள நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. நோயைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பாலிசி மறுத்தாலோ, அந்த நோயை மட்டும் விலக்கினாலோ, நோய்க்காக ஒரு வரம்புக்கு மேல் (விதி வந்தபோது அது 100 பவுண்டு) கூடுதல் பிரீமியம் கேட்டாலோ, இப்படிப்பட்டவர்களுக்கென்றே பாலிசி தரும் சிறப்புக் கம்பெனிகளின் பட்டியல் எங்கே இருக்கிறது என்று அந்தக் கம்பெனியே வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். "எங்களால் முடியாது, அங்கே போய்க் கேளுங்கள்" என்று கைகாட்ட வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கத்துக்குப் பெரிய செலவு இல்லை, மானியம் இல்லை. கதவைச் சாத்தும்போது அடுத்த கதவைக் காட்டிவிட்டுச் சாத்து என்கிறார்கள்.

இதை ஏன் ஹைதராபாத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. செய்யக் கூடாது? செய்ய முடியாத அமைப்பும் இல்லை அது. 2024-ல் மருத்துவக் காப்பீட்டில் புதிதாகச் சேர இருந்த 65 வயது வரம்பை எடுத்தார்கள். பழைய நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை அதிகபட்சம் நான்கு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் எங்களிடம் வந்து பேசு என்று கம்பெனிகளுக்குச் சொன்னார்கள். எல்லாம் நல்ல விஷயம். ஆனால் மூன்று வருஷக் காத்திருப்பு என்பது ஆறு மாதப் பயணத்துக்கு என்ன பிரயோஜனம்? பயணக் காப்பீட்டில் எங்களைப் போன்றவர்களை அவர்கள் இன்னும் எட்டிப் பார்க்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மறுத்தால் வேறு எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். வயது காரணமாகக் குறைக்கும் உச்சவரம்புக் கட்டத்தைப் பாலிசியின் முதல் பக்கத்தில், அந்த ஒரு லட்சம் டாலர் அச்சடித்திருக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 2024 ஜனவரியிலிருந்து எளிய நடையில் தகவல் தாள் தருகிறார்கள், கேட்டால் அதை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று விதி. அதே மாதிரி வெளிநாடு போகிறவர் கையிலும் விமானம் ஏறும் முன் தமிழில் ஒரு தாள் இருக்க வேண்டும். நோய் பற்றிய கேள்விகளை ஏஜென்ட் நிரப்பாமல் பயணம் போகிறவரே நிரப்பி, கையெழுத்துப் போடும் ஏற்பாடு வேண்டும்.

இதெல்லாம் வரும் வரை என்ன செய்வது என்றால், எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். நம் ஊரில் எடுக்கும் பாலிசிக்கும் அங்கே எடுக்கும் பாலிசிக்கும் ஆளுக்கொரு சௌகரியம். அமெரிக்கப் பாலிசி என்றால் அங்குள்ள ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும், கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் ஆஸ்பத்திரி என்றால் பில்லை நேராகக் கம்பெனிக்கே அனுப்பிவிடும். நம் ஊர்ப் பாலிசியில் பல சமயம் நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அதோடு பெரும்பாலும் இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்தாக வேண்டும். ஆனால் தகராறு என்று வந்தால் நம் ஊர்ப் பாலிசிக்குச் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அவரிடம் போகலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவரால் தீர்ப்பளிக்க முடியும். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அமெரிக்கக் கம்பெனியிடம் எடுத்த பாலிசிக்கு இவர் எதுவும் செய்ய முடியாது.

எங்கே எடுத்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டாக்டரிடம் தற்போதைய மருந்துச் சீட்டும், கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில் வாங்கிக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். வழக்கமான செக்கப்பும் தினசரி மாத்திரையும் அனேகமாக எந்தப் பாலிசியிலும் வராது, அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில் தங்கம் விலை, பங்குச் சந்தை எல்லாம் தினமும் வருகிறது. இந்தியக் கம்பெனிகளின் முதியோர் பயணப் பாலிசிகளை வரிசையாக வைத்து, எழுபது வயது, சுகர், ஸ்டென்ட் என்று ஒரே ஆளை எல்லாரிடமும் அனுப்பி, யார் சேர்க்கிறார்கள், யார் மறுக்கிறார்கள், எவ்வளவு உச்சவரம்பு என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் வந்தால் இந்த வருஷம் கிளம்புகிறவர்களுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி