ஞாயிறு உரையாடல்: மார்மன் குடும்பங்களின் நாட்குறிப்புகள்

நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்கு வழக்கமான உரையாடல். இம்முறை அமெரிக்காவின் யூட்டா பக்கம் போகிறோம்.

ஜோசப் ஸ்மித் நிறுவிய மார்மன் சபை (அமெரிக்காவில் பிறந்த ஒரு கிறிஸ்தவச் சபை) 1830 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளையும் அன்றே வந்தது. அதைச் சிரமேற்கொண்டவர் பின்னாளில் சபைத் தலைவரான வில்ஃபோர்ட் உட்ரஃப். 1830களில் தொடங்கிய நாட்குறிப்பை 1898இல் இறக்கும் காலம் வரை விடவில்லை. ஜோசப் ஸ்மித்தின் பல பிரசங்கங்கள் நமக்குக் கிடைத்ததே இவர் எழுதி வைத்ததால்தான். சபையின் வம்சாவளிச் சங்கம் 1894இல் உருவானபோது சபைத் தலைவராக இருந்தவரும் இவரே.

எனக்கு அதைவிடப் பிடித்தவை சாதாரண ஆட்களின் தன்வரலாறுகள். வண்டி கட்டிச் சமவெளியைக் கடந்து யூட்டாவுக்குப் போனவர்கள் தள்ளாத வயதில் பேரப்பிள்ளைகளுக்காக எழுதியவை. பசி, பனி, வழியில் புதைத்த குழந்தை, எல்லாம் பிழை மலிந்த கையெழுத்தில். பின்னால் தட்டச்சு செய்த வாரிசுகள் சிலர் எழுத்துப் பிழைகளோடு, அந்தக் காலச் சபையில் இருந்த பலதார மணம் பற்றிய செய்திகளையும் சேர்த்தே 'திருத்தி' நீக்கிவிட்டார்கள்! அதனால்தான் மூலக் கையெழுத்துப் படி முக்கியம்.

சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி இணையதளத்தில் இத்தகைய பக்கங்களைப் படமெடுத்து இலவசமாக ஏற்றலாம். சபை உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவர்களைப் பற்றி ஏற்றுவதை மற்றவர்களும் பார்க்க முடியும். வீட்டில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

சரி, வரும்போது அந்தத் தளத்தில் ஏதாவது ஒரு பழைய நினைவுக் குறிப்பைப் படித்துவிட்டு வாருங்கள். அழைப்பு இணைப்பை சனிக்கிழமை இரவு அனுப்புகிறேன்.