தானப் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனையையும் எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை செம்பூரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கட்டடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சில காலம் அதன் நிர்வாகக் கமிட்டியிலும் இருந்தேன். கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் முதியவர்கள் குறித்து எழுதுகிறேன்.

மகாராஷ்டிரத்தில் குடியிருப்பை மகனுக்கோ மகளுக்கோ தானமாகக் கொடுப்பதற்கான முத்திரைத் தீர்வை 2015-இல் 200 ரூபாயாகக் குறைக்கப்பட்டது; உள்ளாட்சிக்கான கூடுதல் வரி தனி. பத்திரம் பதிவானதும் கமிட்டி தீர்மானம் போட்டு, உறுப்பினருக்குச் சங்கம் தரும் பங்குச் சான்றிதழின் பின்புறம் புதுப் பெயரை ஏற்றிவிடுகிறது. அன்று முதல் பொதுக்குழுவில் வாக்கும், வீட்டை விற்கும் உரிமையும் பிள்ளையுடையவை.

எங்கள் கட்டடத்தில் கணவரை இழந்த ஓர் அம்மாள் இப்படித்தான் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற வழக்கமான வாசகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. தரகர் ஆட்களை அழைத்து வந்து அறைகளைக் காட்டிய அன்றுதான் வீடு விலைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன், “உங்களுக்கு என்னம்மா ஏற்பாடு?” என்று அன்று நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், தீர்ப்பாயம் அந்த மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு ஒரு தாய்க்கு வீட்டை மீட்டுக் கொடுத்தது உண்மைதான் என்றாலும், தானம் கொடுத்த நாளிலேயே மகன் எழுதித் தந்ததாகச் சொல்லப்பட்ட உறுதிமொழி அந்த வழக்கில் அவருக்குத் துணை நின்றது. அதே பிரிவின்படி, சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் முதியவரின் உரிமையை, விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம் கோர முடியாது என்பதையும் பலர் அறிவதில்லை.

ஆகவே நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் மட்டும் போதாது, சங்கத்தின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். வீடு வாங்க வருபவர் முதலில் விசாரிக்கும் இடம் சங்க அலுவலகம்தான். தானம் கொடுப்பவர் மூத்த குடிமகனாக இருந்தால், பராமரிப்பு நிபந்தனையும் ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் எழுதப்பட்டுள்ளனவா என்று, பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சார்பதிவாளர் அவரிடம் நேரில் கேட்க வேண்டும். கமிட்டிகளும் பெயர் மாற்றத்துக்கு முன் அவ்வாறே கேட்பதை வழக்கமாக்க வேண்டும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் பிள்ளைக்கு இதை எழுதித் தருவதால் எந்த நட்டமும் இல்லை.

சட்ட வல்லுநர் ஒருவரைக் கொண்டு இந்த நிபந்தனைக்கான மாதிரி வாசகத்தைத் தமிழிலும் மராத்தியிலும் தங்கள் நாளிதழ் வெளியிட்டால், அதை எங்கள் கட்டட அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை.