தோழிக்காகக் கேட்டாயே, அதற்குப் பதில்

அன்பு மகள் நூருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் போனில் கேட்டாயே, யாரோ தோழிக்காக, மனைவி தானாகக் கேட்டுப் பெறும் விவாகரத்தான குலாவுக்குக் கணவன் சம்மதம் கட்டாயமா என்று. "அதெல்லாம் ஆலிம்களிடம் கேட்க வேண்டியது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி, ஆனால் உம்மாவுக்காவது பேசியிருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

மக்தபில் ஓதும்போதே உஸ்தாதைக் குறுக்குக் கேள்வி கேட்டவள் நீ. உன்னை அப்படி வாயடைத்திருக்கக் கூடாது.

அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல். கணவன் மனைவி இருவரும் அல்லாஹ்வின் வரம்புகளைப் பேண மாட்டார்கள் என்று 'நீங்கள் அஞ்சினால்', அவள் எதையாவது கொடுத்து விடுபடுவதில் குற்றமில்லை என்று பகரா சூராவின் 229-ஆம் வசனத்தில் வருகிறது. அந்த 'நீங்கள்' யார், கணவன் மனைவியா, பிரித்து வைக்க உட்காரும் நீதிபதியும் ஊராருமா? எல்லாச் சண்டையும் அங்கேதான். கணவன் ஒத்துக்கொள்ளாமல் குலா இல்லை என்பது ஹனஃபி மத்ஹப் என்ற சட்ட வழியினரின் பழைய நிலை. பாகிஸ்தானில் 1959-ல் லாகூர் உயர் நீதிமன்றமும், 1967-ல் குர்ஷித் பீபி வழக்கில் உச்ச நீதிமன்றமும், கணவன் மறுத்தாலும் நீதிபதி பிரித்து வைக்கலாம் என்றன. எகிப்து 2000-ல் சட்டமே போட்டுவிட்டது. கணவன் கொடுத்த மணக்கொடையான மஹரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் சார்ந்த உரிமைகளை அவள் விட்டுவிட்டால், மூன்று மாதத்துக்கு மிகாமல் சமரசம் பேசிப் பார்த்துவிட்டு கோர்ட் பிரித்து வைக்கும்.

இந்தியாவில் நடந்தது வேறு. கணவனிடமிருந்து விடுபட வழியில்லாமல் பெண்கள் தீனையே, மார்க்கத்தையே, விட்டுப் போனதைப் பார்த்துத்தான், 1931-ல் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி மாலிகி என்ற இன்னொரு மத்ஹபிலிருந்து, நீதிபதியே பிரித்து வைக்கும் வழியை எடுத்துக் கொடுத்தார். ஒரு ஹனஃபி ஆலிம் செய்த காரியம் இது, நாங்கள் வசதியாக மறந்துவிடுவது. 1939-ல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அதன் தொடர்ச்சி. முஸ்லிம் நீதிபதிதான் தீர்ப்பளிக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேட்டார்கள், சட்டமானபோது அது மட்டும் இல்லை. அந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியிலும் பெண் குலா பெறலாம் என்று 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஷரீஅத் கவுன்சில் என்ற தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போ என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவும் எனக்கு அன்று போனிலேயே தெரியும். ஏன் சொல்லவில்லை என்றால், நானும் ஒரு நாள் அந்த 'நீங்கள்' ஆகி உட்கார்ந்திருந்தேன், உன் மாமி விஷயத்தில். ஐந்து ஆண்கள் நாங்கள், அவள் திரைக்கு அந்தப் பக்கம். திரைக்குக் கீழே ஒரு கை நீண்டு, கைக்குட்டையில் முடிந்த இரண்டு வளையல்களைத் தரையில் வைத்தது. அவளுடைய மஹர். நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸின் மனைவி, மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்த ஹதீஸ் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், தோட்டத்தை வாங்கிக்கொண்டு அவளை விட்டுவிடு என்று ரசூலுல்லாஹ் சொன்னதும் தெரியும். மச்சான் சம்மதிக்கவில்லை, அதனால் முடியாது என்றார்கள். வேறு வழி உண்டா என்று கேட்க நான் வாய் திறக்கவில்லை. குனிந்து அந்தக் கைக்குட்டையைத் திரைக்குள் தள்ளியது இந்தக் கைதான்.

அப்புறம் பதினோரு வருடம் அவள் அங்கே எப்படி இருந்தாள் என்று உனக்கே தெரியும். உன் நிக்காஹுக்கு வந்தும் அவள் ஏன் என்னிடம் பேசவில்லை என்பதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்க்கம் தடுத்தது என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது, மகளே.

உன் தோழி ஒரே ஒரு ஆலிமிடம் கேட்டுவிட்டு நின்றுவிட வேண்டாம். வக்கீலையும் பார்க்கட்டும். அவளுடைய வாப்பா என்ன சொல்வாரோ என்று தயங்கினால், இப்போது கேட்டுப் பார்க்கச் சொல். அவர் முன்பு மாதிரி இல்லை.

உன் நிக்காஹ் பதிவின் நகல் என் அலமாரியில், உன் சான்றிதழ்களோடு அந்த நீலக் கோப்பில் இருக்கிறது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

இன்று இரவு கூப்பிடுகிறேன், எடு. நீயே கூப்பிட்டாலும் சரி, எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன். சாப்பிடு.

வஸ்ஸலாம்,
வாப்பா