எட்டு லட்சத்தைப் பிரித்துக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ள ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் சைடராக வேலை பார்க்கிறேன். வயது 50. சர்வீஸ் 24 வருஷம். போன மாதம் எங்கள் மில் நோட்டீஸ் போர்டில் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பத்து வருஷம் முடித்த நிரந்தரத் தொழிலாளர்கள் எழுதிக் கொடுக்கலாம், 15 நாள் கெடு என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்புறம் ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். என் கவரில் இருந்த கடிதத்தில் மொத்தம் 8 லட்சம் ரூபாய் என்று ஒரே ஒரு தொகை. அது எதற்கு எவ்வளவு என்று ஒரு வரி விளக்கம் இல்லை. இப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் பல்லடம், சூலூர், பொள்ளாச்சிப் பக்கமும் இருப்பார்கள். அவர்களுக்காகவும், தொழிலாளர் துறையின் பார்வைக்கும் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த வேலை பிடிக்காது. சேர்ந்த நாள் முதலே பிடிக்கவில்லை. அப்பா இதே மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்தார். ஆள் எடுக்கிறார்கள் என்றதும் மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். நான் லேத் பட்டறைக்குப் போக ஆசைப்பட்டவன். வீட்டு நிலைமைக்கு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது, சேர்ந்துவிட்டேன்.

சைடர் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் வரிசையாக ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடத்தைப் பார்த்ததும் அந்த ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினில் நூல் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்னக் கொக்கியில் கோத்து, மேலே ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். சேர்த்துவிட்டு நிமிர்ந்தால் நாலு அடி தள்ளி இன்னொன்று அறுந்திருக்கும். நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரக்காற்று விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஃபேன் போட முடியாது. புழுக்கத்தில் சட்டை உடம்போடு ஒட்டும், அதன் மேல் பஞ்சு ஒட்டும், கண் இமையில்கூடப் பஞ்சு நிற்கும். எட்டு மணி நேரமும் அந்தச் சத்தத்துக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று மாறி மாறி வரும். முழு நைட்டு முடிந்து வந்து பகலில் படுத்தால் இப்போதெல்லாம் தூக்கம் வருவதே இல்லை. மகள் பக்கத்தில் நின்று பேசினால்கூட இரண்டாம் தடவை கேட்டால்தான் எனக்குப் புரிகிறது.

நம் ஊரில் வேலையை விடுவதைப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "மாசம் பொறந்தாச் சம்பளம் வருது, அதை விட்டுப்போட்டு என்ன பண்ணப் போறே சாமி?" என்று அம்மா கேட்கிறார். அவர் பட்ட கஷ்டம் அப்படி. மச்சினன் இதற்கு நேர்மாறு. "எட்டு லட்சம் சும்மா வருதுங்க மச்சான், விட்டுராதீங்க" என்கிறான். இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிடிக்காத வேலையில் இன்னும் எட்டு வருஷம் நிற்பதற்கு உடம்பும் மனசும் என்ன விலை கொடுக்கும் என்பதும் கணக்கில் ஒரு வரிதான். அதைச் சொல்ல ஒரு தொழிலாளி வெட்கப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, அந்த எட்டு லட்சத்துக்கு வருகிறேன். சும்மா வருவது எவ்வளவு என்று நானும் என் வீட்டுக்காரியும் ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,000. பணிக்கொடை, அதாவது கிராச்சுட்டி, 1972-ஆம் வருஷத்திலேயே சட்டமாக வந்தது. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு அது சுமார் 2,49,000 வருகிறது. இது நான் நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தாலும் தர வேண்டிய பணம். அதுவும் 30 நாளுக்குள் தர வேண்டும். சேர்ந்திருக்கும் விடுப்புக்கான சம்பளம் ஒரு 21,000. அதுவும் என்னுடையதுதான். இரண்டையும் கழித்தால், வேலையை விடுவதற்காக மில் உண்மையில் கொடுப்பது 5,30,000. அதாவது 29 மாதச் சம்பளம். நான் 58 வயது வரை இருந்தால் 96 மாதம் சம்பளம் வாங்குவேன். வீட்டுக்காரி இதைப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே இப்படி எழுதிக் குடுத்திருந்தா நாம இத்தனை நாள் கனவு கண்டிருக்க மாட்டோமல்ல" என்றாள்.

மத்திய அரசு நிறுவனங்களில் விருப்ப ஓய்வுத் தொகையைக் கணக்கிட குஜராத் முறை என்று ஒன்று உண்டு. முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதி இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம். அந்தக் கணக்கில் எனக்கு 1,040 நாள் வருகிறது. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்து ஒரு நாளைக்கு 600 ரூபாய் போட்டாலும் 6,24,000 ஆகிறது. பணிக்கொடை தனி. தனியார் மில்லை இந்த முறைப்படிதான் கொடு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள ஓர் அளவு வேண்டுமல்லவா?

பென்ஷன் பற்றியும் யாரும் சொல்வதில்லை. பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் போதும், 58-ல் முழுசாக வரும். 50 வயதிலேயே வாங்கலாம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைச்சல் ஆயுசுக்கும் நிற்கும். என் தோழர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு விஷயம் அதைவிட முக்கியம். ஐந்து வருஷமாவது அதில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் போகிறவர், மாதம் 10 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஷிப்டில் இது யாருக்குமே தெரியவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும், சத்தத்தால் காது கேளாமல் போவதும் ஈ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. வேலையில் இருக்கும்போதே காதையும் மூச்சையும் பரிசோதித்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் காதுக்கு எழுதி வாங்கிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு. அதற்கு அரசு சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. திட்டத்தால் மொத்த ஆள் எண்ணிக்கை குறைய வேண்டும், காலியான இடத்தை மறுபடி நிரப்பக் கூடாது, ஓய்வில் போனவரை அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் சேர்க்கக் கூடாது. எங்கள் மில்லில் போன முறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் ஃபிரேம்களில் இன்று கான்ட்ராக்ட் மூலம் வந்த ஒடிசா, பீகார் பையன்கள் நிற்கிறார்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு அத்தனை தூரம் வந்தவர்கள். ஒருவனுக்கு இழை சேர்க்கக் கற்றுக் கொடுத்ததே நான்தான். ஆனால் வேலை அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் மாறுகிறது என்றால் அதை யார் பார்க்கிறார்கள்? விருப்ப ஓய்வு தொழிலாளர் சட்டத்தின் ஆட்குறைப்புக் கணக்கில் வராது. அதனால் அதிகாரிகள் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

பணம் வந்த பிறகு என்ன ஆகிறது என்பதும் எனக்குக் கவலை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீட்டு மோசடி விவகாரம் வெடித்தபோது, மில்லில் கணக்கு முடித்து வாங்கிய பணத்தை அதில் போட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். மனுஷன் அதற்கப்புறம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது மச்சினன் கறிக்கோழிப் பண்ணை போடலாம் என்கிறான். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், வளர்ப்புக் கூலி நமக்கு. ஆனால் ஷெட்டுப் போடும் செலவு முழுக்க நம் தலையில். கூலியை நிர்ணயிப்பது கம்பெனி. ஐந்து லட்சத்தை அதில் கொட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. எங்களுக்கு இருக்கும் முக்கால் ஏக்கரில் தென்னை உண்டு, அதுவும் வெள்ளை ஈ வந்து காய்ப்பு விழுந்து கிடக்கிறது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் நாலு மண்டலத்துக்கும் முறை வைத்து விடுவது, நம் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நான் எழுதிக் கொடுப்பது என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகளுக்குக் கல்லூரியில் இது கடைசி வருஷம். வீட்டுக்காரி இரண்டு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள், அதை நாலாக்கலாம். தெரிந்த ஒருவர் தன் பட்டறையில் பகல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிதான். கையில் வரும் பணத்தைத் தபால் ஆபீசில் மாத வட்டிக்குப் போட்டுவிடுவோம். இறுக்கிப் பிடித்தால் குடும்பம் ஓடும். ராத்திரி தூங்குவேன். கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களும் கடனும் உள்ள என் பக்கத்து ஃபிரேம்காரர் கேட்டபோது, நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணா என்றுதான் சொன்னேன். அவருக்கும் இந்த வேலை பிடிக்காதுதான்.

ஆனால் இப்போது இருக்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பணிக்கொடை எவ்வளவு, விடுப்புச் சம்பளம் எவ்வளவு, விருப்ப ஓய்வுக்கென்று தரும் தொகை எவ்வளவு என்று தனித்தனியாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள், கெடுவை ஒரு மாதமாக்குங்கள் என்று எங்கள் ஷிப்டுக்காரர்கள் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். எழுதிக் கொடுக்காதவர்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவோம் என்று வாய்வழியாகப் பேச்சு அடிபடுகிறது. அதையும் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. கெடு முடிய இன்னும் சில நாட்களே இருக்கின்றன. திருப்பூர், கோவை மாவட்டத் தொழிலாளர் துறை அதிகாரிகள் இந்த மாதிரித் திட்டம் அறிவிக்கும் மில்களுக்கு நேரில் வந்து, தொழிலாளர்களை உட்கார வைத்து இந்தக் கணக்கை ஒரு முறை விளக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். ஷிப்டு மாறும் நேரத்தில் வந்தால் இரண்டு ஷிப்டு ஆட்களும் கிடைப்பார்கள்.

இப்படிக்கு,
ஸ்பின்னிங் தொழிலாளி ஒருவர்
உடுமலைப்பேட்டை வட்டம்
(வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)